பாறைக்கு அந்தப் பக்கம்

"ஒன்பதாவது வளைவுல மறுபடியும் கட் ஆகுது, மேடம்," என்றாள் டெல்பின்.

தில்ஷாத் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எத்தனை தடவை?"

"இந்த வாரம் பதினாலு."

"போன வாரம்?"

"ஒன்பது."

"அப்ப நீங்க கை வச்சப்புறம் கூடியிருக்கு."



மலைப்பாதையில் பேசிக்கொண்டே போகிறவர்களின் பேச்சு நடுவில் அறுந்து போகாமல் பார்த்துக்கொள்வதுதான் இருவருக்கும் வேலை. அடிவாரத்தில் ஒரு டவர். மேலே எஸ்டேட் பக்கம் ஒரு டவர். நடுவில் பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. கார் ஏற ஏற, கீழ் டவர் தன்னிடம் இருக்கிற பேச்சை மேல் டவரின் கையில் கொடுக்க வேண்டும். பேசுகிறவருக்குத் தெரியாமல் கொடுக்க வேண்டும்.

தில்ஷாத்துக்கு இருபத்தேழு வயது. டெல்பினுக்கு முப்பது. வேலையில் தில்ஷாத் ஆறு வருஷம். டெல்பின் பிள்ளை பெற்று, வீட்டில் இருந்து, திரும்பி வந்து ஐந்து மாதம். அதனால் சின்னவள் மேடம், பெரியவள் அக்கா.

தில்ஷாத்திடம் ஒரு கேள்வி கேட்டால் விடை வராது என்பது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். இன்னொரு கேள்வி வரும். அதுவும் இல்லையென்றால் கடலை வரும்.

"என்ன மாத்தினீங்க?"

"கீழ் டவரைக் கடைசி வரைக்கும் பிடிச்சுக்கச் சொல்லியிருக்கேன். சிக்னல் சுத்தமாத் தேஞ்சப்புறம்தான் மேல கொடுக்கும்."

"ஏன்?"

"கை மாறும்போதுதானே மேடம் விழும். விடாம பிடிச்சிருந்தா எப்படி விழும்?"

தில்ஷாத் அவள் உள்ளங்கையில் ஒரு கடலையை வைத்தாள்.

"வாங்க. ஏறிப் பார்ப்போம்."

*

கார் கிளம்பியது. பின் சீட்டில் இருவர். நடுவில் லேப்டாப். அதிலிருந்து ஒரு வயர் டெல்பினின் போனுக்குப் போயிற்று. போன் எந்த நேரத்தில் எந்த டவரை எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்று திரையில் இரண்டு கோடுகள் ஓடும். கீழ் டவருக்கு நீலம். மேல் டவருக்குச் சிவப்பு.

டெல்பின் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்திருந்தாள்.

"அக்கா, பையை அந்தப் பக்கம் வைங்களேன். லேப்டாப் இடிக்குது."

"பரவாயில்ல மேடம். மடியிலயே இருக்கட்டும்."

முன்னாலிருந்து டிரைவர் பால்ராசு சொன்னார். "அஞ்சு மாசமாப் பாக்கறேன் மேடம். அந்தப் பை தரையில பட்டதில்ல. உள்ள தங்கம் இருக்குன்னு நான் நினைச்சுக்கிட்டேன்."

தங்கம் இல்லை. உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு மருந்து பாட்டில் இருந்தது.

எட்டு மாதத்துக்கு முன்னால், மகள் அவிலாவுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. அப்போது குழந்தைக்கு மூன்று வயது முடியவில்லை. கண் மேலே சொருகிவிட்டது. உதடு நீலம் பாய்ந்தது. இரண்டு நிமிஷத்தில் தானாக நின்றது. அந்த இரண்டு நிமிஷம் டெல்பினுக்கு இன்னும் முடியவில்லை.

"காய்ச்சல் வந்தா இது மறுபடி வரலாம்," என்றார் டாக்டர். "பெரும்பாலும் தானா நின்னுடும். அஞ்சு நிமிஷம் தாண்டினா மட்டும் இதை மூக்குல அடிச்சு, உடனே கூட்டிட்டு வாங்க."

அன்றிலிருந்து அந்தப் பாட்டில் அவளைவிட்டுப் பிரிந்ததில்லை. பகலில் கைப்பையில். இரவில் தலையணைக்குக் கீழே. கணவன் கப்பலில், ஆறு மாதம் கடலில். வீட்டில் வேறு யாருக்கும் அதை அடிக்கத் தெரியாது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

முதலில் போய்க் கேட்ட பாலர் பள்ளியில் உண்மையைச் சொன்னாள். "பொறுப்பெடுத்துக்க முடியாதும்மா," என்று விண்ணப்பப் பாரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இரண்டாவது பள்ளியின் பாரத்தில் அதே கேள்வி இருந்தது. குழந்தைக்கு ஏதேனும் உடல்நலக் குறை உண்டா.

கான்வென்ட்டில் சிஸ்டர் அடித்து அடித்துப் பழக்கிய அழகான உருண்டைக் கையெழுத்தில் டெல்பின் எழுதினாள். இல்லை.

இன்று காலை அவிலாவின் நெற்றி லேசாகச் சுட்டது. தெர்மாமீட்டர் தொண்ணூற்றொன்பதரை காட்டியது. சிரப் கொடுத்தாள். பள்ளியில் விட்டாள். மலை ஏறும் வேலையை இதற்கு முன் இரண்டு தடவை தள்ளிப் போட்டிருந்தாள். மூன்றாவது தடவை கேட்க வாய் வரவில்லை.

ஒன்றாவது வளைவு. இரண்டாவது.

டெல்பினின் விரலில் ஜெபமாலை மோதிரம். சுற்றிலும் பத்து மணி. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு மணி தள்ளினாள். ஜெபம் செய்தாளா, எண்ணினாளா என்று அவளுக்கே தெரியாது.

"சோதனை நம்பருக்குப் போடட்டுமா, மேடம்?"

"வேணாம். அது ஒரு மெஷின். கட் ஆனாலும் அதுக்கு ஒண்ணும் இல்ல. மனுஷங்களைக் கூப்பிடுங்க."

"யாரை?"

"கட் ஆகக்கூடாதுன்னு நீங்க நினைக்கிற யாரையாவது."

டெல்பினுக்கு நம்பரைத் தேட வேண்டியிருக்கவில்லை. காலையிலிருந்து மூன்று தடவை போட்ட நம்பர், அவிலாவின் பள்ளி மிஸ்ஸுடையது.

"அம்மா," என்றாள் அம்சா மிஸ். "நான் எங்கேயும் ஓடிப்போகல. இங்கதான் இருக்கேன்."

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க மிஸ். பாப்பா தண்ணி குடிச்சாளான்னு."

"குடிச்சா. மீதியைப் பக்கத்துப் பையன் ஷூவுல ஊத்தினா."

பால்ராசு சிரித்தார். டெல்பினுக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

"சாப்பிட்டாளா?"

"ரெண்டு வாய். அப்புறம் வேணாம்னுட்டா. ஆயாம்மா மடியில படுத்திருக்கா."

ஐந்து. ஆறு. நீலக் கோடு நிமிர்ந்து நின்றது. சிவப்பு கீழே தவழ்ந்தது.

"படுத்திருக்காளா? இந்த நேரத்துல படுக்க மாட்டாளே."

"அதான் நானும் பாக்கறேன்."

ஏழு. எட்டு. நீலம் சரிய ஆரம்பித்தது. சிவப்பு ஏறிற்று. இரண்டும் ஒன்றையொன்று தாண்டின. தில்ஷாத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, இப்பத்தான் தொட்டுப் பாத்தேன். உடம்பு சுடுது. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு—"

ஒன்பதாவது வளைவில் மலையிலிருந்து ஒரு பாறை யானை நெற்றி மாதிரி சாலைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். கார் அதைச் சுற்றியது.

அறுந்தது.

*

"மிஸ்? மிஸ்?"

"நிறுத்துங்கண்ணா," என்றாள் தில்ஷாத்.

பால்ராசு பாறையைத் தாண்டி ஓரமாக நிறுத்தினார்.

டெல்பின் திரும்பத் திரும்ப அதே நம்பரை அழுத்தினாள். போன் டவரைத் தேடியது. போன் ஒருமுறை மடியில் விழுந்தது.

"அக்கா, இதைப் பாருங்க." தில்ஷாத் லேப்டாப்பைத் திருப்பினாள்.

"என்னால இப்ப எதையும் பாக்க முடியாது மேடம்."

அரை நிமிஷம் ஆயிற்று. மேல் டவர் கிடைத்தது. மணி அடித்தது.

"லைன் போயிடுச்சு," என்றாள் அம்சா மிஸ். "சூடு பாத்துட்டேன். நூத்தி ஒண்ணு. ஈரத்துணி போட்டுட்டு இருக்கோம். தூங்கறா."

"நீங்க என்னமோ கேக்கணும்னீங்களே?"

"காலையிலயே காய்ச்சல் இருந்துச்சா?"

டெல்பின் மோதிரத்தை ஒரு சுற்று சுற்றினாள்.

"இல்ல மிஸ்."

"வேற ஏதாவது நான் தெரிஞ்சுக்கணுமா?"

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"இல்ல மிஸ். இதோ கிளம்பிட்டேன். வந்துட்டே இருக்கேன்."

போனை வைத்தாள். "இறங்கணும்ணா. உடனே."

பால்ராசு இறங்கிப் போய் வளைவில் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"எட்டுல கட்டை ஏத்தின லாரி ஒண்ணு திரும்ப முடியாம குறுக்க நிக்குது. முன்ன பின்ன எடுத்துக்கிட்டு இருக்கான். கால் மணியாவது ஆகும்."

"நான் நடந்து போயிடறேன்."

"டவுன் நாப்பது கிலோமீட்டர்மா."

டெல்பின் கதவைத் திறந்து இறங்கினாள். சாலையில் நின்றாள். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

தில்ஷாத் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்து காரின் மூக்கின் மேல் வைத்தாள்.

"கீழ் டவர் போனைப் பார்த்து, மேல போயிடுன்னு சொல்லிச்சா இல்லையா? நீங்களே சொல்லுங்க."

டெல்பின் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். மனசு எங்கே இருந்தாலும் கண்ணுக்கு அந்த வரிகளைப் படிக்கத் தெரியும்.

"சொல்லியிருக்கு."

"எத்தனை தடவை?"

"நாலு."

"மேல் டவர் இடம் வச்சிருந்துச்சா?"

"வச்சிருந்துச்சு."

"பின்ன ஏன் போகல?"

"போனுக்குக் கேக்கல."

"ஏன் கேக்கல?"

டெல்பினுக்குக் கோபம் வந்தது. "மேடம், என் பொண்ணுக்கு நூத்தி ஒண்ணு காய்ச்சல். எனக்கு இப்பப் பாடம் வேணாம்."

"சரி," என்றாள் தில்ஷாத். "லாரி போற வரைக்கும் ஒரு வேலை செய்யலாம். இங்கேயே நில்லுங்க. நான் ஒண்ணு சொல்லுவேன். அதைச் செய்யணும்."

சொல்லிவிட்டுப் பாறையைப் பார்த்து நடந்தாள். துப்பட்டாவின் நுனி பாறைக்குப் பின்னால் போய் மறைந்தது.

டெல்பின் நின்றாள். காற்று அடித்தது. கீழே லாரிக்காரனை யாரோ திட்டினார்கள்.

தில்ஷாத் திரும்பி வந்தாள்.

"செஞ்சீங்களா?"

"என்ன செய்யணும்?"

"சொன்னேனே. நாலு தடவை."

"எனக்கு ஒண்ணும் கேக்கல."

"நல்லா சத்தமாத்தான் சொன்னேன்."

காரில் சாய்ந்து நின்ற பால்ராசு வானத்தைப் பார்த்தார். "வெயில் கூட இல்லையே இன்னிக்கு," என்றார்.

"இன்னொரு தடவை," என்றாள் தில்ஷாத். இரண்டடி நடந்தாள். நின்றாள். திரும்பினாள். "அக்கா, என் துப்பட்டா பாறைக்குப் பின்னால மறைஞ்சதும் அந்தப் பையைக் கீழ வைங்க. என்னைக் கேக்க வேணாம்."

போனாள்.

துப்பட்டா மறைந்தது.

டெல்பினின் கை பையைவிட்டு வரவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. சாலை ஓரத்தில் வெள்ளையடித்த கல் ஒன்று இருந்தது. அதன் மேல் பையை வைத்தாள். இரண்டு கையும் திடீரென்று லேசாகி, என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கின.

தில்ஷாத் வந்தாள். கல்லைப் பார்த்தாள்.

"யார் வைக்கச் சொன்னா?"

"நீங்கதான்."

"நான் பாறைக்கு அந்தப் பக்கம் இருந்தேன். என் குரல் வந்துச்சா?"

"வரல."

"பின்ன?"

"போறதுக்கு முன்னாடியே சொல்லிட்டீங்க."

"ம்," என்றாள் தில்ஷாத். பாக்கெட்டில் கையை விட்டு ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

*

லாரி இன்னும் நகரவில்லை.

"செட்டிங்கை மாத்திடலாம்," என்றாள் தில்ஷாத். "நீங்களே அடிங்க. ரெண்டு டவருக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும்."

டெல்பின் காரின் மூக்கில் குனிந்து அடிக்க ஆரம்பித்தாள். கண் அடிக்கடி போனுக்குப் போயிற்று. போன் சும்மா இருந்தது.

"கீழ் டவர் மேல் டவரை எப்பக் கேக்கணும், ஒருத்தர் வராங்க, இடம் வைன்னு?"

"எட்டுல?"

"எட்டுல தேய ஆரம்பிச்சாச்சு."

"ஏழு."

தில்ஷாத் ஒரு கடலையை உரித்தாள்.

"ஆறு," என்றாள் டெல்பின். "ஆனா ஆறுல சிக்னல் நல்லாத்தானே மேடம் இருக்கு? எதுக்கு அப்பவே?"

"நல்லாத்தானே இருக்கு."

"அதைத்தான் கேக்கறேன்."

"அதைத்தான் சொல்றேன்."

டெல்பினின் விரல் விசையின் மேல் நின்றது. பிறகு அடித்தாள். ஆறாவது வளைவு.

"போன்கிட்ட என்ன சொல்லணும்?"

"மேல உனக்கு இடம் வச்சாச்சு. என்னைவிட அது இவ்வளவு சத்தமாக் கேட்டா நீயே போயிடு. என்னைக் கேக்க வேணாம்."

"போகாமலே திரும்பிட்டா? பாதி வழியில காரு திரும்பிடுச்சு."

"மேல வச்ச இடம் சும்மா கிடக்கும். நஷ்டம் இல்ல."

"போயிட்டா? கீழ் டவர் உடனே விட்டுடுமா?"

இது பரீட்சையில் வரும் கேள்வி. டெல்பினுக்குத் தெரியும்.

"விடாது. பேரை வச்சுக்கிட்டுக் காத்திருக்கும். தனக்கு வந்த பேச்சையெல்லாம் மேல தள்ளிக்கிட்டே இருக்கும்."

"எது வரைக்கும்?"

"மேல் டவர் சொல்ற வரைக்கும். வந்து சேந்தாச்சு, நீ விடலாம்னு."

"சொன்னா?"

"விடணும்."

தில்ஷாத் லேப்டாப்பை வாங்கி, ஒருமுறை படித்து, அனுப்பினாள். ஒரு நிமிஷத்தில் மலை முழுக்க அது போய்ச் சேரும்.

டெல்பின் வெள்ளைக் கல்லின் மேலிருந்த பையைப் பார்த்தாள். பைக்குள் பாட்டில். பாட்டில் இங்கே. கீழே ஆயாம்மா மடியில் அவிலா. ஆயாம்மாவுக்குக் கண் சொருகுவது என்றால் என்னவென்று தெரியாது. அம்சா மிஸ்ஸுக்கு, ஒன்றும் இல்லை என்று தெரியும். அது மட்டும்தான் தெரியும். இன்று இரண்டு தடவை டெல்பினே அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

சொன்னால் நாளையிலிருந்து பள்ளி இல்லை. பள்ளி இல்லையென்றால் வேலை இல்லை.

போனில் சிக்னல் நன்றாக இருந்தது. சிவப்புக் கோடு நிமிர்ந்து நின்றது.

டெல்பின் அழுத்தினாள்.

"தூங்கிட்டுதான்மா இருக்கா," என்றாள் அம்சா மிஸ், கேட்பதற்கு முன்பே.

"மிஸ், கையில பேனா இருக்கா?"

"எதுக்கு?"

"எழுதிக்கோங்க. நான் சொல்றதை அப்படியே எழுதிக்கோங்க."

அப்போது கீழேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. பால்ராசு ஓடி வந்தார். "லாரி ஏறுது. உக்காருங்க."

தில்ஷாத் கல்லின் மேலிருந்த பையை எடுத்துக்கொண்டு ஏறினாள். டெல்பின் போனைக் காதில் வைத்தபடியே ஏறினாள். பை யாரிடம் இருக்கிறது என்று அவள் பார்க்கவில்லை. பால்ராசு காரைக் கீழ்நோக்கித் திருப்பினார்.

"பாரத்துல இல்லைன்னு எழுதினேன் மிஸ். பொய். எட்டு மாசம் முன்னாடி காய்ச்சல்ல அவளுக்கு வலிப்பு வந்திருக்கு. காலையிலயும் தொண்ணூத்தொம்பதரை இருந்துச்சு. இல்லைன்னு சொன்னதும் பொய்."

டெல்பின் போனைக் காதோடு அழுத்தினாள்.

"மிஸ்?"

"எழுதறேன். சொல்லுங்க."

"வந்தா முதல்ல மணியைப் பாருங்க. ஒரு பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. கை காலை இறுக்கிப் பிடிக்காதீங்க. வாயில எதுவும் வைக்கக் கூடாது. ஸ்பூன், துணி, தண்ணி, எதுவும்."

"ஆயாம்மா சாவிக்கொத்தைக் கையில கொடுப்பாங்க."

"வேணாம்னு சொல்லுங்க. சுத்தி நிக்கிற பசங்களை வெளிய அனுப்புங்க. ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷத்துல நின்னுடும். எச்சில் வழியும். வழியட்டும்."

"நிக்கலைன்னா?"

"அஞ்சு நிமிஷம் தாண்டினா மூக்குல அடிக்க ஒரு மருந்து இருக்கு."

"எங்க இருக்கு?"

டெல்பின் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்கிட்ட."

"நீங்க எங்க இருக்கீங்க?"

"மலையில."

அம்சா மிஸ் அப்போது யாரையோ கூப்பிட்டாள். குரல் போனைவிட்டு விலகி, திரும்பி வந்தது.

"தெருமுக்குல இருக்கற ஆட்டோவை வாசல்ல வந்து நிக்கச் சொல்லியிருக்கேன். ஆஸ்பத்திரி ஆறு நிமிஷம். ஆறு கூட ஆகாது. மருந்துப் பேரை எழுத்துக்கூட்டிச் சொல்லுங்க. போற வழியில போன் பண்ணி எடுத்து வைக்கச் சொல்லுவேன்."

டெல்பின் எழுத்துக்கூட்டிச் சொன்னாள். ஒருமுறை. இன்னொருமுறை.

"ஏன்மா சேக்கும்போதே சொல்லல?"

"சேத்துக்க மாட்டீங்கன்னு பயம்."

"ரெண்டாவது பெஞ்சுல ஒருத்தனுக்கு ஆஸ்துமா. அவன் பம்ப் என் மேசை டிராயர்லதான் இருக்கு. இன்னொருத்திக்கு முட்டை ஆகாது. அதுவும் எனக்குத் தெரியும். உங்க பொண்ணுக்கு ஒண்ணும் இல்லைன்னு நினைச்சுக்கிட்டு, ஈரத்துணி போட்டுத் தூங்க வச்சிருக்கேன்."

டெல்பின் அழுதாள். சத்தம் வராமல் அழுதாள். ஆனாலும் பேசிக்கொண்டே இருந்தாள். டாக்டர் பெயர். எந்தச் சிரப், எத்தனை மணிக்கு. எழுந்ததும் யாரைத் தேடுவாள். எந்தப் பாட்டுக்கு அழுகையை நிறுத்துவாள்.

தில்ஷாத் மடியில் லேப்டாப் இருந்தது. கார் பாறையைச் சுற்றியபோது திரையில் சிவப்புக் கோடு சரிந்து, நீலம் ஏறியது. பாடிக் காட்டிய டெல்பின் பாதியில் நிறுத்தினாள். மறுபக்கத்திலிருந்து அம்சா மிஸ் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தாள். "இது எனக்குத் தெரியும்மா. தினமும் பாடறா."

பால்ராசு கண்ணாடியில் தில்ஷாத்தைப் பார்த்தார். ஒரு கையைத் தூக்கி ஒன்பது என்று காட்ட முயன்றார். விரல் போதவில்லை.

தில்ஷாத் தலையை மட்டும் அசைத்தாள்.

எட்டு போயிற்று. லாரியின் டயர்த் தடம் மண்ணில் ஆழமாகக் கிடந்தது.

ஏழாவது வளைவில் போனுக்குள் ஆயாம்மாவின் குரல் கேட்டது. "மிஸ்ஸு, இங்க வா. புள்ளைக்குக் கண்ணு என்னமோ போகுது."

டெல்பின் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மணி பதினொண்ணு நாப்பத்தி ரெண்டு," என்றாள் அம்சா மிஸ். குரல் நடுங்கிற்று. ஆனால் வார்த்தை வரிசையாக வந்தது. "ஒருக்களிச்சுப் படுக்க வச்சிட்டேன். ஆயாம்மா, சாவி வேணாம். வேணாம்னேன்ல. பசங்களைக் கூட்டிட்டுப் போங்க."

"மிஸ், உதடு—"

"நீலமாத்தான் இருக்கு. நீங்க சொன்ன மாதிரிதான் இருக்கு. இருங்க."

ஆறு.

 பால்ராசு ஹாரன் அடிக்காமல் வளைத்தார். போனுக்குள் சுவர்க் கடிகாரத்தின் சத்தமும், எங்கோ தூரத்தில் பிள்ளைகளின் இரைச்சலும் கேட்டன.

"ஒரு நிமிஷம்," என்றாள் அம்சா மிஸ்.

டெல்பினின் கை மடியைத் தடவிற்று. பையைத் தேடிற்று. பை தில்ஷாத்தின் காலடியில் கிடந்தது. எட்டினால் கிடைக்கும். எட்டி என்ன செய்ய.

ஐந்து.

"ஒன்றரை."

நான்காவது வளைவில் அம்சா மிஸ் மூச்சை விட்டாள்.

"நின்னுடுச்சு. ரெண்டு நிமிஷம், பத்து செகண்டு. உடம்பு தளருது. மூச்சு வருது. கண்ணு முழிக்கறா."

அப்புறம், தொலைவிலிருந்து வருகிற மாதிரி, அவிலாவின் அழுகை வந்தது. மெலிசாக ஆரம்பித்து, சுதி கூடி, நல்ல வலுவான அழுகையாக ஆயிற்று.

"அவிலா. அவிலாம்மா. அம்மா இதோ. அம்மா பேசறேன்டி."

"அம்மா," என்றாள் அம்சா மிஸ்.

"மிஸ், காதுகிட்ட வைங்க. என் குரல் கேட்டா அழமாட்டா."

"அம்மா, ஆட்டோ வந்து நிக்குது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறோம். இவ என் கழுத்தைக் கட்டிக்கிட்டா."

"நான் லைன்லயே இருக்கேன் மிஸ். போற வரைக்கும் இருக்கேன்."

"போனை வைங்கம்மா. எனக்கு ரெண்டு கையும் வேணும்."

டெல்பின் தில்ஷாத்தைப் பார்த்தாள். தில்ஷாத் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெல்பின் வைத்தாள்.